ஐரீனின் பிரார்த்தனை

அமெரிக்காவில், ஓக்லஹோமாவின் குன்றுகளுக்கு நடுவே, செரோக்கிப் பழங்குடி மக்கள் வாழும் ஊர் ஒன்றில், ரோவீனா என்னும் ஆசிரியை இருந்தார். முன்னோரின் மொழியைத் தொலைத்துவிட்டுத் தேடி வருவோருக்கு அதைக் கற்பிப்பது அவர் பணி. வருவோரில் பெரும்பாலோர் ஒரே கதையைத்தான் கொண்டு வருவார்கள்.

வெர்னனும் அப்படித்தான் வந்தார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆசிரியையைவிட வயதில் மூத்த மாணவர்.

"என் தாய்வழிப் பாட்டி ஒரு செரோக்கி இளவரசியாம்" என்றார் முதல் நாளில்.

"எங்களுக்கு அரசரே இருந்ததில்லை. இளவரசிகள் மட்டும் இத்தனை பேர் எப்படித்தான் பிறந்தார்களோ" என்றார் ரோவீனா. "உட்காருங்கள், இளவரசரே."

அன்று முதல் வகுப்பில் அவருக்கு அதுவே பெயராயிற்று.

வெர்னனின் தாய் ஐரீன் தம் பிறப்பைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. நிறம் ஏன் இப்படி என்று யார் கேட்டாலும், "வெயில்" என்பார். அதற்குமேல் ஒரு சொல் வராது. செரோக்கியரிடையே குலம் தாய்வழியே வருவது. தாய் சொல்லாவிட்டால் மகன் எந்தக் குலத்தான் என்பதைச் சொல்ல ஆளில்லை.

இலையுதிர்காலத்தில் ஒரு நாள், மற்ற மாணவர்கள் வருமுன்னே, வெர்னன் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார்.

"தாயாருக்கு இனி அதிக நாள் இல்லை என்கிறார் மருத்துவர்."

ரோவீனா நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார்.

"ஒரு வாக்கியத்தை நான் பிழையின்றிச் சொல்ல வேண்டும், அம்மா. இதுவரை உங்களிடம்கூடச் சொன்னதில்லை. பொருள் எனக்குத் தெரியாது, ஆனால் அது அவருடைய பிரார்த்தனை."

"அவர் நம் மொழி பேசுவாரா?"

"முதுமையில் நினைவு தடுமாறிய பிறகுதான் பேசுகிறார். அந்த ஒரு வாக்கியம் மட்டும். தண்ணீர் பட்டால் போதும், வந்துவிடும். நம்மவர் விடியலில் ஆற்றில் இறங்கிக் கிழக்கு நோக்கி வேண்டுவார்கள் அல்லவா? அதுதான் இது. அவ்வளவையும் மறந்தவர், இதை மட்டும் விடவில்லை, பாருங்கள்." அவர் முகம் மலர்ந்தது. "நானும் விடியலில் ஆற்றில் நின்று அதையே சொல்கிறேன். பேத்திக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறேன். தாயாரின் கடைசி மூச்சின்போது அதை அவர் காதில் சொல்ல வேண்டும். உச்சரிப்பைத் திருத்துங்கள்."

"சொல்லுங்கள்."

வெர்னன் கண்களை மூடி, பயபக்தியோடு சொன்னார்.

ரோவீனா உடனே திருத்தவில்லை.

"தண்ணீர் என்றீர்களே, எந்தத் தண்ணீர்?"

"மாலையில் செவிலி ஈரத் துணியால் முகம் துடைப்பாள். அப்போது."

"முகத்தில் எந்த இடத்தைத் துடைக்கும்போது?"

"அதைக் கவனிக்கவில்லையே."

ரோவீனா உள்ளே சென்று, ஒரு கிண்ணத்தில் தண்ணீரும், ஒரு துணியும், துணி துவைக்கும் சோப்பும் கொண்டுவந்தார். துணியை நனைத்தார். அதில் சோப்பை அழுத்தித் தேய்த்தார்.

"கண்களை மூடிக்கொள்ளுங்கள்."

துணி உதட்டைத் தொட்டதுதான் தாமதம், வெர்னன் தலையை வெடுக்கெனத் திருப்பிக்கொண்டார்.

"இப்போது சொல்லுங்கள், உங்கள் பிரார்த்தனையை."

"வாயில் சோப்பை வைத்துக்கொண்டா?" என்று சிரித்தவர், சிரிப்பை முடிக்கவில்லை.

"உங்கள் தாயார் எங்கே படித்தார்?"

"விடுதிப் பள்ளியில். ஆறு வயதில் அரசாங்க வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்றாம். அங்கே ஆங்கிலம் தவிர வேறு மொழி வாயில் வரக்கூடாதாம். நல்ல ஆங்கிலம் அங்கேதான் கற்றேன் என்பார்."

வெர்னன் துணியைப் பார்த்தார். பிறகு அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பொருள் சொல்லுங்கள், அம்மா."

"'இனிப் பேசமாட்டேன். என் வாயைக் கழுவாதீர்கள்.'"

வாசலில் மாணவர்கள் வரும் அரவம் கேட்டது. "இளவரசர் வந்துவிட்டாரா?" என்று எவரோ கேட்டார்கள்.

"பேசமாட்டேன் என்பதையும் நம் மொழியிலேயா சொன்னார்?"

"வேறு மொழி அறியாத குழந்தை வேறெப்படிச் சொல்லும்?"

"அப்படியானால், அதைச் சொன்னதற்காகவும்..."

ரோவீனா தலையசைத்தார்.

"பேத்தி அதைப் பாட்டாகப் பாடுகிறாள்" என்றார் வெர்னன்.

கிண்ணத்துத் தண்ணீரில் நுரை ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்தது.

"உண்மையான பிரார்த்தனை ஒன்றைக் கொடுங்கள். சிறியதாக இருந்தால் போதும். தாயார் போகுமுன் அதை அவருக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறேன்."

"வேண்டாம். அவருக்கு நிறையக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள்."

"நான் என்னதான் செய்வது?"

ரோவீனா எழுந்து குழாயைத் திறந்தார். துணியை அலசினார், முகர்ந்து பார்த்தார், மீண்டும் அலசினார். சோப்பின் வாடை அறவே நீங்கிய பின்னர் அதைப் பிழிந்து, வெர்னனின் கையில் வைத்தார்.

"இன்று மாலை நீங்களே துடைத்துவிடுங்கள். நெற்றியை, கன்னங்களை, கைகளை. வாயை மட்டும் விட்டுவிடுங்கள்."