சிட்டு கிழித்த சட்டை

கருவேலங்கோட்டை ராஜாவுக்குக் கடல் வணிகர் ஒருவர் ஒரு குட்டைக்குதிரையைப் பரிசாகக் கொடுத்திருந்தார். ஆட்டுக்கடா உயரம்தான் இருக்கும். பெயர் சிட்டு. வசந்த விழாவன்று அது சபைக்குள் நடந்து வந்ததும் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். உடம்பு பளபளவென்று மின்னியது. பிடரிமயிரில் ஒரு சிக்கு இல்லை.

"அடேயப்பா! இதைச் சீவிச் சிங்காரித்தது யார்? அந்தத் தோளுக்கு நானே பொன்னாடை போர்த்துகிறேன்!" என்றார் ராஜா.

லாயத்து அதிகாரி திருமேனிநாதர் முந்திக்கொண்டு வந்து நின்றார். பட்டுச் சட்டை, பன்னீர் வாசனை. லாயத்துப் பக்கம் போனாலே மூக்கைப் பொத்திக்கொள்கிற ஆசாமி அவர்.

"அடியேன்தான் மன்னா! ஆறு மாதமாகத் தினமும் இந்தக் கையால்தான் தேய்த்தேன்," என்றார், கொஞ்சமும் கூசாமல்.

அரண்மனை விகடர் வெள்ளையப்பன் மனத்துக்குள் திட்டினார். 'அடப்பாவி! சீப்பை எந்தப் பக்கம் பிடிப்பதென்றாவது உனக்குத் தெரியுமா?' சிட்டுவின் கயிற்றைப் பிடித்தபடி ஒதுங்கி நின்ற லாயக்காரன் இருளாண்டியைப் பார்த்தார். அவன் சட்டை இடது தோளில் கந்தலாகத் தொங்கியது.

அது அதிகாரியின் கண்ணிலும் பட்டுவிட்டது.

"பாருங்கள் மன்னா, ராஜசபைக்குக் கிழிசலோடு வந்திருக்கிறான்! இந்த வருஷம் மூன்று புதுச் சட்டை கொடுத்தாயிற்று. மூன்றையும் இப்படியே கிழித்துத் தொலைத்தான். இவனை இன்றைக்கே துரத்துங்கள்."

ராஜா முகத்தைச் சுளித்தார். "சரி, போகட்டும்."

இருளாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை போனால் போகிறது, சிட்டுவை விட்டு எப்படிப் போவான்?

வெள்ளையப்பன் எழுந்தார். "அதிகாரி ஐயா, மூன்றும் ஒரே இடத்திலா கிழிந்தன?"

"ஆமாம், இதே இடது தோளில்தான்!"

"பலே! மன்னா, அவனைத் துரத்துமுன் ஒரு சின்ன ஆசை. நம் அதிகாரி தேய்க்கிற அழகைக் கண்ணாரப் பார்க்கவேண்டும்."

வேறு வழியில்லாமல் திருமேனிநாதர் இருளாண்டி நீட்டிய பிரஷை இரண்டு விரலால் எடுத்தார். எட்ட நின்று, மயிருக்கு எதிர்ப்பக்கமாக ஒரு இழுப்பு இழுத்தார். சிட்டு காதை மடக்கிக்கொண்டு பின்புறத்தை அவருக்குக் காட்டியது. சபை கொல்லென்று சிரித்தது.

"கூட்டத்தைப் பார்த்து மிரளுகிறது..." என்று அசடு வழிந்தார் அதிகாரி.

"இருளாண்டி, நீ வாப்பா," என்று கூப்பிட்டார் வெள்ளையப்பன்.

அவன் சிட்டுவின் இடப்பக்கம் குந்தி, பிடரி முடிகிற இடத்தில் பரபரவென்று தேய்த்தான். சிட்டு சொக்கிப்போய்க் கண்ணை மூடியது. அப்படியே கழுத்தை வளைத்து அவன் இடது தோளைச் செல்லமாகக் கடித்தது. சர்ரென்று கிழிசல் இன்னும் கொஞ்சம் நீண்டது.

"சுகமாகத் தேய்த்துவிட்டால் குதிரையும் பதிலுக்குச் சொறிந்துவிடும் மன்னா," என்றார் வெள்ளையப்பன். "ஆறு மாதம் தேய்த்தவன் தோள் இது. தேய்த்ததாகச் சொன்னவர் தோள் அதோ, ஒரு நூல்கூடப் பிரியவில்லை!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இருளாண்டிக்குப் பொன்னாடை போர்த்தினார், லாயத்துப் பொறுப்பையும் கொடுத்தார். "இந்தப் புளுகருக்கு என்ன தண்டனை, வெள்ளையப்பா?"

"தண்டனையா? ஐயோ பாவம்! தாம் சொன்ன வேலையை இனிமேலாவது செய்யட்டும், இதே பட்டுச் சட்டையோடு. சிட்டு அந்தத் தோளில் சட்டையைக் கிழிக்கிற அன்றைக்கு விட்டுவிடுங்கள்."

அந்தச் சட்டை கடைசிவரை கிழியவேயில்லையாம்.