உப்புத் தின்னாத எருதுகள்

உப்பு வண்டியும் மாட்டு மந்தையும் ஒரே தடத்தில் போன காலம் அது. கொங்கு நாட்டில் மாசாணன் என்று ஒருவன் இருந்தான். கப்பல்காரர்களுக்கு இறைச்சிக்காக எருதுகள் வளர்த்து விற்பதுதான் அவனுக்கும் அவன் மனைவி பூவாத்தாளுக்கும் பிழைப்பு.

அவன் தன் மேய்ச்சல் காட்டைக் கிளுவை வேலியால் மூன்றாகப் பிரித்திருந்தான். ஒன்றில் மாடு மேயும், இரண்டில் புல் வளரும். புல்லைத் தவிர வேறு தீனி கிடையாது. அதனால் ஊரார் மாடு சந்தைக்குப் போய் ஒரு வருஷம் கழித்துத்தான் இவன் மாடு தேறும். மாசாணன் மாடு வளர்க்கவில்லை, புல் வளர்க்கிறான் என்று ஊரே சிரித்தது. சிரிக்கட்டும், அதுவும் உண்மைதானே.

அந்த வருஷம் மழை பொய்த்தது. மாசிச் சந்தையில் எருதுகள் விலை போகாவிட்டால், கோடையில் புல் கருகிவிடும். பட்ட பாடெல்லாம் எலும்பும் தோலுமாக நிற்கும். இருவரும் பயந்துகொண்டேதான் ஓட்டிப் போனார்கள்.

சந்தை வாசலில் சடையன் என்ற வியாபாரி தன் மாடுகளுக்கு உப்பை ஊட்டித் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். தாகத்தில் குடித்துக் குடித்து அவற்றின் வயிறு குடமாகப் பருத்தது. மாசாணனுக்கும் ஒரு கட்டி உப்பை நீட்டினான். மாசாணன் வாங்கிக்கொண்டான். பொய் சொல்வானேன், உப்போடு எருதின் வாய் வரைக்கும் அவன் கை போய்விட்டது.

"வேண்டாமுங்க," என்றாள் பூவாத்தாள். "வாங்கறவரு தண்ணிக்கா காசு குடுப்பாரு? ஒருக்கா ஏமாந்தா அடுத்த வருஷம் நம்ம பக்கமே திரும்ப மாட்டாரு."

அவன் உப்பைத் திருப்பிக் கொடுத்தான்.

துறைமுகத்திலிருந்து மீரான் தண்டல் வந்தார். தண்டல் என்றால் கப்பலை நடத்துகிறவர். சடையனின் மாடுகளைத் தட்டிக் கொடுத்துப் புகழ்ந்தார். மாசாணனின் எருதுகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

தண்டலோ அவசரமே படவில்லை. இலை போட்டுச் சாப்பிட்டார். சடையனின் மாடுகள் மூத்திரம் பெய்தன. வெற்றிலை போட்டார், மறுபடியும் பெய்தன. புளிய மரத்தடியில் கண்ணயர்ந்தார். சடையன் நின்ற இடமே சேறாகிவிட்டது. அவர் எழுந்து வந்தபோது அந்த மாடுகளின் வயிறு ஒட்டி விலா எலும்பு தெரிந்தது. மாசாணனின் எருதுகள் காலையில் இருந்தபடியே அசைபோட்டுக்கொண்டு நின்றன.

தண்டல் மாசாணனின் தோளில் கைபோட்டார். "அத்தனையும் எனக்கு வேணும் தம்பி. இனிமே வருஷா வருஷம் உங்க காட்டுக்கே வந்து பிடிச்சுக்கிறேன். சந்தைக்கு ஓட்டிக்கிட்டு அலையாதீங்க."

மாசாணன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். காலையிலிருந்து அடக்கி வைத்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. பக்கத்தில் பூவாத்தாளும் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

கேட்டவர்களே, ஊதிக் காட்டிய சரக்கின் சாயம், வாங்குகிறவர் சாப்பிட்டு எழுவதற்குள் வெளுத்துவிடும். பொறுமையாக, நேர்மையாக வளர்த்தது எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் விலை போகும்.