வராத அந்துப்பூச்சிகள்

"அந்த வெயிலுமுத்துவைத் தோப்பைவிட்டுத் துரத்துங்க அம்மா. இல்லன்னா இந்த மடத்து வாசலை நான் மிதிக்க மாட்டேன்."

பிறவிப்பெருமாள் கையிலிருந்த வெள்ளை வேட்டியைத் தரையில் வீசினார். வந்த வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

ரைஸ் மில் முதலாளி. வயது அறுபது. ஊரில் அவர் கை படாத கன்னம் குறைவு. கோபம் தீர வழி கேட்டுத்தான் போன தையில் இந்த மலையடிவார மடத்துக்கு வந்தார்.

மடத்து அம்மா அவரைவிட இருபது வயது இளையவள். மந்திரம் ஒன்றும் சொல்லித் தரவில்லை.

"தோப்பில வெள்ளை வேட்டியைக் கட்டி, பின்னால சின்ன விளக்கு வையுங்க அண்ணாச்சி. விடியக்காலம் போய், எந்தெந்த அந்துப்பூச்சி வந்து உக்காந்திருக்குன்னு எழுதுங்க. ஒரு வருஷம்."

எழுதினார். முதலில் எரிச்சலோடு, பிறகு ஆசையோடு. பேர் தெரியாத பூச்சிக்கெல்லாம் அவரே பேர் வைத்தார். மஞ்சள் கரைக்காரி. சாம்பல் சட்டை. உள்ளங்கை அகலத்தில், இறக்கைக்கு ஒரு நிலாவோடு வந்தவள் பெரியவள்.

ஆனிக் குருபூஜைக்குப் பிறகு பூச்சிக் கூட்டம் குறைந்தது. இந்தத் தையில் வெறும் வேட்டிதான் காற்றில் ஆடியது.

"மாம்பூவுக்கு மருந்தடிச்சே கொன்னுட்டான் அம்மா. கேட்டா இல்லங்கான். விட்டேன் ஒரு அறை."

"நிசமாவே இல்லன்னா?"

"பொய் சொல்லுதான். பெரியவளைக் கொன்ன கையை ஒடிக்காம விடமாட்டேன்."

"ஒடிப்பீங்களா?"

"சத்தியமா."

அவள் எழுந்தாள். அவள் முகமும் சிவந்திருந்தது. "வெயிலுமுத்து, ஏணியைக் கொண்டா" என்று வாசலிலிருந்து கத்தினாள்.

தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்த வெயிலுமுத்து வந்தான். கன்னம் வீங்கியிருந்தது. வாசலில் நின்ற விளக்குக் கம்பத்தில் ஏணியைச் சாத்தினான். அவள் வேண்டாம் என்று சொல்லியும் குருபூஜை அன்று மேளம் வைத்துக் கொண்டுவந்து நட்ட கம்பம் அது. அன்றிலிருந்து தோப்பு வரைக்கும் ராத்திரியே கிடையாது.

"ஏறுங்க அண்ணாச்சி. அந்தக் கண்ணாடி மூடியைக் கழற்றிக் கொண்டாங்க."

"இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"ஏறும்வே" என்றான் வெயிலுமுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு. "தள்ளிவிட மாட்டேன். ஆனியில எவனாவது மாம்பூவுக்கு மருந்தடிப்பானாவே? ஆனியில ஏதுவே பூ?"

பிறவிப்பெருமாள் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். மூடி கனத்தது. இறங்குவதற்குள் அவள் அந்த வேட்டியை எடுத்து மண்ணில் விரித்திருந்தாள்.

"கவுத்துங்க."

கவிழ்த்தார். உமி கொட்டுவதுபோல் கொட்டியது. மஞ்சள் கரைக்காரிகள். சாம்பல் சட்டைகள். கடைசியில், உடம்பெல்லாம் கருகி, ஒரு நிலா மட்டும் கலையாமல், பெரியவள்.



"நீங்க வரலன்னு எழுதினது அத்தனையும் வந்துதான் இருக்கு" என்றாள்.

மூடி காலியானதும் கண்ணாடியில் சிவப்பு எழுத்து பளிச்சென்று தெரிந்தது. படிக்கச் சொன்னாள். அவர் மூடியைக் கீழே வைத்துவிட்டார்.

வெயிலுமுத்துதான் ஊருக்கே கேட்கும்படி படித்தான்.

"உபயம், பிறவிப்பெருமாள், ரைஸ் மில்."

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"எந்தக் கை அண்ணாச்சி?"