பதினைந்தே நிமிடத்தில் வருவோம்

கோயம்புத்தூரில் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றில் திருமேனி, ஆவுடை, பொன்னுரங்கம் என்று மூன்று மெக்கானிக்குகள் இருந்தார்கள். மூவருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்திருந்தால், அதையும் வேனிலேயே மறந்துவிட்டு வரக்கூடியவர்கள். கம்பெனி போன் திருமேனியின் பையில் இருந்ததால் அவன்தான் தலைவன்.

அன்று காலை முதலாளியம்மா செண்பகவல்லி மூவரையும் நிற்கவைத்துச் சொன்னார்: “ஜவுளிக்கடை மேனேஜர் நம்ம ரேட் ஜாஸ்திங்கறாரு. இந்த வருச ஒப்பந்தம் போச்சுன்னா கம்பெனிய மூட வேண்டியதுதான். எடுத்த எடுப்புல விலையச் சொல்லாதீங்க. அவரு பாதியில எறங்கிப் போயிராமப் பாத்துக்குங்க. நாம இல்லைன்னா என்னாகும்னு அவரு மண்டையில உறைக்கணும்.”

வேலை போனால் திருமேனி தன் மாமனார் கடையில் பொட்டலம் மடிக்க வேண்டும். வழி நெடுக முதலாளியம்மா சொன்னதையே முணுமுணுத்துக்கொண்டு போனான்.

ஜவுளிக்கடையில் மேனேஜர் வரதராஜுலு லிஃப்டில் ஏறிக்கொண்டிருந்தார். மூவரும் பின்னாலேயே ஏறினார்கள்.

“ரேட் எவ்வளவுப்பா?”

மூவரும் மூலையில் கூடினார்கள்.

“மொதத் தடவ கேக்கறாரு. சொல்லக் கூடாது” என்றான் ஆவுடை.

“எத்தனையாவது தடவ சொல்லலாம்?” என்றான் பொன்னுரங்கம்.

“அம்மா அதச் சொல்லலியே” என்று திருமேனி கவலைப்பட்டான்.

“சீக்கிரம் சொல்லுங்கப்பா. நாலாவது மாடியில நான் எறங்கிருவேன்.”

இறங்குவதா! திருமேனி கண்ணைக் காட்ட, பொன்னுரங்கம் லிஃப்டை நிறுத்தவும் ஓட்டவும் வைத்திருந்த சாவியைத் திருகி லிஃப்டை மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே நிறுத்தினான். மேனேஜர் சாவியைப் பிடுங்கிவிட்டால்? ஆவுடை அதை வாங்கி, கதவுக் கம்பி இடுக்கு வழியாகக் கீழே போட்டான். அது அடியில் போய் விழுந்த சத்தம் கேட்டதும் மூவருக்கும் பரம திருப்தி.

“சார், இப்ப நாங்க இல்லைன்னு வெச்சுக்குங்க” என்றான் திருமேனி. உடனே மூவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

மேனேஜர் கத்தினார், கதவை உதைத்தார், கெஞ்சினார். இல்லாதவர்கள் எப்படிப் பதில் சொல்வார்கள்?

கடைசியில் திருமேனி மெல்லத் திரும்பினான். “உறைச்சுதுங்களா?”

“நல்லா உறைச்சுது! காகிதத்தக் குடு, கையெழுத்துப் போட்டுத் தொலைக்கறேன். லிஃப்ட எடுங்கடா!”

கையெழுத்து விழுந்தது. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு கம்பி இடுக்கைப் பார்த்தார்கள்.

மேனேஜர் ஒப்பந்தத்தைப் படித்தார். ‘பழுதானால் அழையுங்கள், பதினைந்தே நிமிடத்தில் வருவோம்.’ அதிலிருந்த எண்ணை அழைத்தார். திருமேனியின் பை மணியடித்தது.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தான். “வணக்கமுங்க. எந்த இடமுங்க?”

“உன் மூக்குக்கு முன்னாலடா!”

“பதறாதீங்க. பதினஞ்சு நிமிசத்துல ஆளு வந்துரும்.”

போனை வைத்த திருமேனி, கூட நின்ற இருவரையும் பார்த்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

“பாத்தீங்களா சார், போன வெக்கறதுக்குள்ள மூணு பேரும் வந்து நிக்கறோம்! இந்த ரேட்டுக்கு வேற யாருங்க வருவாங்க?”