அரைப்புள்ளியைத் தின்ற மென்பொருள்

“அடைப்பு திற, அடைப்பு மூடு, அரைப்புள்ளி” என்று அல்லி உரக்க வாசித்த குரல் தமயந்தியின் காதை விட்டுப் போகவே இல்லை. கணினிப் பாடநூல் பதிப்பகத்தில் அல்லி மூலப்பிரதியை வாசிப்பாள், தமயந்தி அச்சுப்படியைத் திருத்துவாள். பதினோரு வருஷம் அப்படித்தான்.

மேலாளர் சபேசன் எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருளைத் தன் கையாலேயே எழுதி, அல்லியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதுவோ பாடங்களிலிருந்த நிரல்வரிகள் கணினியில் இயங்கத் தேவையான குறிகளையும் குப்பை என்று துடைத்தது. தமயந்தி பக்கங்களைக் கொண்டுபோய்க் காட்டினாள்.

“எழுதினவங்க விட்டிருப்பாங்கம்மா. என் மென்பொருள் தப்பே செய்யாது. செய்யும்னா இன்னிக்கே நிரூபிங்க, இல்லேன்னா நீங்களும் கிளம்புங்க.”

“நிரூபிச்சா அல்லியைக் கூப்பிடுவீங்களா சார்?”

“தாராளமா.”

“அப்போ அதோட நிரலையே அதுகிட்டத் திருத்தக் கொடுங்க. அதை எழுதினது நீங்கதானே?”

ஊழியர்கள் எல்லாரும் பார்த்திருக்க, சபேசன் சிரித்துக்கொண்டே கொடுத்தார். ஒரே நொடியில் அது தன் நிரலின் அரைப்புள்ளிகளையும் துடைத்துத் திருத்தி முடித்தது. அதன்பின் அவர் எத்தனை முறை தட்டியும் மென்பொருள் திறக்கவில்லை. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“சரி, அந்தம்மாவை வரச் சொல்லுங்க” என்றார், திரையைப் பார்த்தபடியே.

தமயந்தி வாசலுக்கு ஓடிப்போய் போன் செய்தாள். அல்லி போன மாதமே ஓசூரில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவள் திரும்பி வரவில்லை.