நார்த்தங்காய் ஊறுவதற்குள்

தேனம்மைக்கு நடந்தது அநியாயம். "உன் ஆத்தா போட்ட நார்த்தங்காய் ஊறுவதற்குள் வந்துவிடுவேன்" என்று சொல்லி, அந்த ஊறுகாய் ஜாடியையும் வாங்கிக்கொண்டு, ஒளியின் வேகத்தை எட்டிப்பிடிக்கும் விண்கலத்தில் ஏறிப் போனார் அவளுடைய குரு. அவர் திரும்பி வந்து இறங்கியபோது அவள் தலை முழுக்க நரைத்திருந்தது.

அவர் தலையில் ஒரு நரை இல்லை.

"வா, தேனம்மை."

"மரியாதை! இப்போது உங்களைவிட நான்தான் மூத்தவள்."

குரு சிரிக்கவில்லை. "உட்காருங்கள்" என்றார்.

அவள் உட்காரவில்லை. "ஊறுவதற்குள் என்றீர்களே?"

"கலத்தில் பத்து நாள்தான் ஆயிற்று. என் கடிகாரத்தைப் பாருங்கள்."

"கடிகாரம் மெதுவாக ஓடினால் அதை ரிப்பேருக்குக் கொடுக்கணும். காலத்தின் மேல் பழி போடக்கூடாது."

"வேகமாகப் போகிறவருக்குக் காலமே மெல்லத்தான் நகரும். பாடம் நடத்தினேனே."

"கேட்டேன். நம்பினேன் என்று எப்போது சொன்னேன்?"

"என் தலைமுடி?"

"சாயம்."

குரு பையிலிருந்து ஜாடியை எடுத்து அவள் முன் வைத்தார். அதன் வாயைக் கட்டியிருந்த துணி, ஆத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலையில் கிழித்தது. ஆத்தா போடும் இரட்டை முடிச்சு அப்படியே இருந்தது.

"தொடவே இல்லையா?"

"ஊறின பிறகுதான் தொடணும் என்று உங்கள் ஆத்தா சொன்னார்களே. அவிழ்த்துப் பாருங்கள்."

முடிச்சில் விரலை வைத்தவள் எடுத்துக்கொண்டாள். ஆத்தாவின் கை கட்டியது உலகத்தில் வேறெதுவும் மிச்சமில்லை. மறுபடி வைத்தாள். மெல்ல அவிழ்த்தாள்.

ஒரு துண்டைக் கடித்தாள். ஆத்தாவின் கை உப்பு. தோல் பல்லுக்கு அடங்கவில்லை. வெகுநேரம் மென்றாள். விழுங்க மனம் வரவில்லை.

"இன்னும் ஊறவில்லை" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

"இல்லை."

"அப்போ நீங்கள் பொய் சொல்லவில்லை."

அவள் ஜாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷமும் நான் உங்களைப் பொய்யர் என்பேன். 'ஊறட்டும்டி, வருவார்' என்பாள் ஆத்தா. கடைசியாகக் கண்ணை மூடும்போதும் வாசலில் ஏதோ சத்தம் கேட்டு, 'ஐயா வந்தாச்சா?' என்றாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல, ஐயா?"

குரு துணியை எடுத்து ஜாடியின் வாயில் போர்த்தினார். கட்டிப் பார்த்தார். அந்த முடிச்சு அவருக்கு வரவில்லை.

"ஊறுவதற்குள் வந்துவிட்டார் என்று சொல்லுங்கள்."