பால்கட்டி போட்ட சூப்

ஒரு காட்டில் மழை தொடங்கினால் நிற்பதற்கு வெகு நாள் ஆகும். மலை உச்சியை ஒட்டிய காடு அது. மேகங்கள் மரங்களுக்கு நடுவே மாடுகளைப் போல மெதுவாக நடந்து போகும்.

அப்படி ஒரு மழையில் மண் சரிந்தது. சரிந்த மண் முள்ளம்பன்றியின் வளையை மூடிவிட்டது. வளைக்குள் முள்ளம்பன்றி இருந்தது.

"அக்கா உள்ளே இருக்காங்க!" என்று முதலில் கத்தியது மலையணில். அதற்கு எதிலும் அவசரம். அன்றைக்கு அந்த அவசரம் உதவியது.

கரடி வந்து தோண்டியது. அதன் கை பெரியது; ஒரு வாரலில் ஒரு கூடை மண் வந்தது. பாறைகளின் மேல் வாழும் வரையாடு கீழே இறங்கி வந்தது. அது அதிகம் பேசாது. மேலிருந்து வழிந்த சேறு மறுபடியும் குழியில் விழாதபடி, தன் உடம்பைக் குறுக்கே வைத்து நின்றுகொண்டது. சேறு அதன் விலாவில் மோதி இரண்டாகப் பிரிந்து ஓடியது.

நரியும் வந்தது. சற்றுத் தள்ளி, நனையாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, "இடது பக்கம் தோண்டு, இல்லை இல்லை, வலது பக்கம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

முள்ளம்பன்றி வெளியே வந்தபோது அதன் மூக்கெல்லாம் மண். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றது.

பிறகு அவர்களே மேட்டில், ஒரு நாவல் மரத்தின் வேருக்கடியில், அதற்குப் புது வளை தோண்டிக் கொடுத்தார்கள்.

குழந்தைகளே, அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே யாரும் நன்றி என்று வாயால் சொல்வதில்லை. புது வளையில் அடுப்பு மூட்டுகிற அன்று, உதவி செய்தவர்களை அழைத்து ஒரே பானையில் சமைத்துக் கொடுப்பார்கள். வருகிறவர்களும் தங்கள் பங்காக ஒரு பொருளை முன்பே கொடுத்துவிடுவார்கள். எல்லாருடைய பொருளும் பானைக்குள் போக வேண்டும். யாருடையதாவது வெளியே நின்றுவிட்டால், 'இனி என் வாசலுக்கு வராதே' என்று சொன்னதாக அர்த்தம்.

அதனால் முள்ளம்பன்றி, வந்த பொருள்களை எல்லாம் அடுப்பருகே பரப்பி வைத்து, ஒன்றும் விட்டுப்போகவில்லையே என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டது.

ஆட்கள் விட்டுவிட்டுப் போன ஒரு பழைய தோட்டத்திலிருந்து கரடி உருளைக்கிழங்கும் கேரட்டும் பிடுங்கி வந்திருந்தது. அணில் கன்னம் கொள்ளாமல் பச்சைப் பட்டாணி கொண்டுவந்து கொட்டியிருந்தது. நரி ஒரே ஒரு பூண்டுப் பல் கொடுத்தனுப்பியிருந்தது. முட்டைக்கோஸும் வெங்காயமும் மிளகும் முள்ளம்பன்றியே தேடி வைத்தவை.

வரையாடு காலையிலேயே வந்து ஓர் இலைப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போயிருந்தது. "பால்கட்டி. என் பாலில் செஞ்சது. பாறை இடுக்கில் வெச்சு முதிர விட்டிருக்கேன். பானையை இறக்கின பிறகு போடு. கொதிக்கிறப்போ போட்டா திரிஞ்சு போயிடும்."

"சரிக்கா" என்றது முள்ளம்பன்றி.

அது அதற்குமுன் பால்கட்டியைப் பார்த்ததே இல்லை. கிழங்கு தின்று வளர்ந்த ஜீவன். அது எப்படி இருக்கும், எப்படி மணக்கும் என்று கேட்கலாம்தான். கொடுப்பவரிடம் கேள்வி கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்கவில்லை.

மழை தூறிக்கொண்டிருந்தது. முள்ளம்பன்றி அடுப்பை மூட்டியது. வெங்காயத்தையும் நரி கொடுத்த பூண்டையும் தணலில் சுட்டு, கருகிய தோலை உரித்து, நசுக்கிப் பானையில் போட்டது. ஊற்றுநீர் ஊற்றியது. கிழங்கைப் பாதி பெரிய துண்டாகவும் பாதி சிறிய துண்டாகவும் நறுக்கியது. சிறியவை கரைந்து சூப்பைக் கெட்டியாக்கும். பெரியவை வாயில் அகப்படும். கரடிக்கு வாயில் ஏதாவது அகப்பட வேண்டும். அடுத்து கேரட், முட்டைக்கோஸ். பட்டாணியைக் கடைசியில் போட்டது, நிறம் மாறாமல் இருப்பதற்காக.

பானை தளதளவென்று கொதித்தது. முள்ளம்பன்றி ஒரு கரண்டி எடுத்து ஊதிக் குடித்துப் பார்த்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எதுவோ இன்னும் வந்து சேரவில்லை என்பதுபோல இருந்தது.

அப்போது வாசலில் ஒரு மூக்கு தெரிந்தது. மூக்குக்குப் பின்னால் நரி வந்தது.

"என்ன தங்கச்சி, வேருக்குக் கீழே நீ சமைச்சா மரத்து உச்சி வரைக்கும் மணக்குதே!"

"வாங்க நரியண்ணே. சீக்கிரமே வந்துட்டீங்க."

"உனக்கு ஒத்தாசை பண்ணலாம்னு வந்தேன்."

"அப்ப அந்த விறகைக் கொஞ்சம் தள்ளி விடுங்க."

நரி விறகைப் பார்த்தது. பிறகு வேறு பக்கம் பார்த்தது. அதன் கண் இலைப் பொட்டலத்தில் நின்றது. மூக்கு இரண்டு முறை விரிந்தது.

நரிக்கு அந்த வாசனை தெரியும். மலைமேல் ஒரு பங்களாவின் குப்பைத்தொட்டியில் ஒருமுறை அதன் தோலை மட்டும் நக்கிப் பார்த்திருக்கிறது. அந்த வீட்டுக் குழந்தைகள் அதை சீஸ் என்று சொன்னார்கள். அன்றிலிருந்து நரி தூக்கத்தில்கூட நாக்கைச் சப்புக்கொட்டும்.

"அது என்ன பொட்டலம்?" என்று கேட்டது, ஒன்றும் தெரியாததுபோல.

"வரையாட்டக்கா கொடுத்த பால்கட்டி. இனிமேல்தான் போடணும்."

முள்ளம்பன்றி பொட்டலத்தைப் பிரித்தது. உள்ளே மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டி. அதன் ஓரத்தில் நீலம் பூத்திருந்தது. ஒரு வாசனை எழுந்து வளை முழுவதும் பரவியது. நனைந்த கம்பளி, பழைய பால், எங்கோ கொஞ்சம் புல்.

முள்ளம்பன்றியின் முதுகில் முட்கள் தாமாகவே நிமிர்ந்தன.

நரி அதைப் பார்த்துவிட்டது. உடனே இரண்டு கைகளாலும் மூக்கைப் பொத்திக்கொண்டது.

"ஐயையோ தங்கச்சி! இது கெட்டுப்போச்சு!"

"கெட்டுப்போச்சா?"

"வாசனை தெரியலையா உனக்கு? பூஞ்சணம் வேற. பால் கெட்டு, கட்டியாகி, அதுவும் கெட்டிருக்கு. இதைப் போட்டா கரடிக்கு வயிறு போகும். அணில் சின்னது, தாங்குமா? நன்றி சொல்லக் கூப்பிட்டுட்டு எல்லாரையும் படுக்க வைக்கப் போறியா?"

முள்ளம்பன்றி பொட்டலத்தைப் பானையிலிருந்து தள்ளி வைத்தது. அணிலின் சின்ன வயிறு அதன் நினைவுக்கு வந்தது.

"ஆனா இதைப் போடலைன்னா வரையாட்டக்காவை வராதேன்னு சொன்ன மாதிரி ஆயிடுமே. அவங்க குறுக்கே நிக்கலைன்னா நான் இப்போ உயிரோட இல்லை, அண்ணே."

"அதுக்குத்தானே நான் இருக்கேன்." நரி குரலைத் தாழ்த்தியது. "குடு. தூரமா கொண்டுபோய்ப் புதைச்சுடறேன். வரையாடு வந்தா போட்டாச்சுன்னு சொல்லு. கரைஞ்ச பிறகு எது இருக்கு, எது இல்லைன்னு யாருக்குத் தெரியும்?"

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"சின்னப் பொய். எல்லார் வயிறும் நல்லா இருக்கும். வரையாட்டுக்கும் மனசு நோகாது."

அது நியாயம்போலத்தான் கேட்டது. முள்ளம்பன்றி பால்கட்டியை இலையோடு எடுத்து நீட்டியது. நரி இரு கைகளையும் நீட்டியது.

இலையில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த புல் கயிறு முள்ளம்பன்றியின் விரலில் பட்டது. முடிச்சு கோணலாக இருந்தது. புல்லெல்லாம் பல்லின் அடையாளம். குளம்பால் முடிச்சுப் போட முடியாது அல்லவா? வாயாலேயே இழுத்து இழுத்து, அவிழ அவிழத் திரும்பக் கட்டியிருக்கிறது வரையாடு.

முள்ளம்பன்றி நீட்டிய கையை இழுத்துக்கொண்டது.

"என்ன?" என்றது நரி.

"அக்கா தெரிஞ்சு கெட்டதைக் கொடுக்க மாட்டாங்க."

"தெரியாம கொடுத்திருக்கலாமில்ல?"

"கொடுத்திருக்கலாம். அப்படின்னா, அதை முதல்ல சாப்பிட வேண்டியது நான்தான். அவங்க கொடுத்தது எனக்கு. வயிறு வலிச்சா என் வயிறு வலிக்கட்டும். மத்தவங்களுக்குப் போடறதா வேண்டாமான்னு அப்புறம் பார்ப்போம்."

சொல்லிவிட்டு வாயை அகலத் திறந்து ஒரு கடி கடித்தது.

"ஐயோ, அவ்வளவு பெரிசா கடிக்காதே!" என்று அலறியது நரி.

முள்ளம்பன்றி மென்றுகொண்டே அதைப் பார்த்தது. "ஏன் அண்ணே, கெட்டதைச் சின்னதா கடிச்சா பரவாயில்லையா?"

நரியின் வாயோரத்திலிருந்து ஓர் எச்சில் நூல் இறங்கித் தரையைத் தொட்டது. நரி அவசரமாகத் துடைத்துக்கொண்டது. ஆனால் முள்ளம்பன்றி பார்த்துவிட்டது.

முதலில் உப்பு. பிறகு புளிப்பு, கண்ணை மூட வைக்கும் புளிப்பு. அதற்கும் பிறகு, மெதுவாக, பால். பாலுக்கு அடியில் பாறை மேல் முளைக்கும் குட்டைப் புல்லின் வாசனை. முள்ளம்பன்றி ஒருபோதும் ஏறிப் பார்க்காத உயரம் அது. அந்த உயரமே இறங்கி வந்து நாக்கில் உட்கார்ந்ததுபோல இருந்தது.

முள்ளம்பன்றி பானையை அடுப்பிலிருந்து இறக்கியது. கொதி அடங்கும்வரை காத்திருந்தது. தன் வயிற்றையும் தடவிப் பார்த்துக்கொண்டது. வயிறு அமைதியாக இருந்தது. பிறகு பால்கட்டியைக் கையால் உதிர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிண்டியது.

சூப் நிறம் மாறியது. தண்ணீராக இருந்த இடமெல்லாம் பட்டுப்போல் ஆனது. மூக்கைச் சுருக்க வைத்த அதே வாசனை, கிழங்கோடும் சுட்ட வெங்காயத்தோடும் கலந்தவுடன், வளையைவிட்டு யாரையும் எழுந்திருக்க விடாத வாசனையாகிவிட்டது.

நரி மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தது.

"எங்கே போறீங்க? உட்காருங்க" என்றது முள்ளம்பன்றி. "உங்க பூண்டும் இதுல இருக்கு."

அதற்குள் கரடி வாசலை அடைத்துக்கொண்டு வந்தது. அதன் தோளிலிருந்து அணில் குதித்தது.

"ஆறிடுச்சா? ஊத்துங்க, ஊத்துங்க" என்றது அணில்.

"உனக்கு நாக்கு வெந்தாத்தான் புத்தி வரும்" என்றது கரடி. பிறகு நரியைப் பார்த்து, "நீ முன்னாடியே வந்துட்டியா? அப்ப பானையில பாதிதான் இருக்கும்" என்றது.

"நரியண்ணன் எதையும் தொடலை" என்றது முள்ளம்பன்றி. உண்மைதான். நரி தலையைக் குனிந்துகொண்டது.

கடைசியாக வரையாடு வந்தது. அதன் கொம்புகள் நாவல் வேரில் இடித்தன. தலை மட்டும்தான் உள்ளே வந்தது. உடம்பு முழுவதும் வெளியே, மழையில்.

முள்ளம்பன்றி முதல் தேங்காய்ச் சிரட்டையை நிரப்பி அதன் முன்னால் வைத்தது. வரையாடு முகர்ந்தது. குடித்தது. தலை நிமிர்த்தியபோது அதன் முகவாய் முடியில் பால்கட்டி நூல் நூலாகத் தொங்கியது.

"போட்டுட்டே" என்றது.

"போட்டுட்டேன்கா. ஆனா..." முள்ளம்பன்றி கொஞ்சம் தயங்கியது. "முதல்ல எனக்கு அந்த வாசனை பயமா இருந்துச்சு. கெட்டுப்போச்சோன்னு நினைச்சேன்."

நரியின் காதுகள் படுத்துக்கொண்டன.

வரையாடு சிரித்தது. அது சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லை. "எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க. நானே முதல் தடவை தூக்கி எறிஞ்சேன். அப்புறம் என்ன செஞ்சே?"

"கடிச்சுப் பார்த்தேன்."

"கெட்டதுன்னு நினைச்சுக்கிட்டேவா?"

"நீங்க கொடுத்தது ஆச்சேக்கா."

வரையாடு சிரட்டையில் மறுபடி முகத்தைப் புதைத்துக்கொண்டது. வெகுநேரம் நிமிரவே இல்லை.

எல்லாரும் குடித்தார்கள். கரடி பெரிய கிழங்குத் துண்டுகளாகத் தேடித் தேடித் தின்றது. அணில் நாக்கைச் சுட்டுக்கொண்டு குதித்தது. குதித்துவிட்டு மறுபடியும் குடித்தது. முள்ளம்பன்றி நரிக்கும் சிரட்டை நிறைய ஊற்றியது. அடியில் தங்கியிருந்த கெட்டியான பால்கட்டியை வழித்து, அதையும் நரியின் சிரட்டையில் போட்டது.

நரி ஒரு கணம் முள்ளம்பன்றியைப் பார்த்தது. பிறகு மொத்தத்தையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டது.

வெளியே மழை வலுத்தது. வரையாட்டின் முதுகில் நீர் வழிந்துகொண்டிருந்தது. முள்ளம்பன்றி வாசலைப் பார்த்தது. வேரில் இடித்துக்கொண்டிருந்த கொம்புகளைப் பார்த்தது.

"நாளைக்கே இந்த வாசலை அகலமாக்கணும். அக்கா முழுசா உள்ளே வந்து உட்காரணும்."

"நான் தோண்டறேன்" என்று எழுந்தது கரடி.

"நீங்க போன தடவையே நிறையத் தோண்டிட்டீங்க, மாமா. இந்தத் தடவை நரியண்ணன் தோண்டித் தருவார். என்ன அண்ணே?"

எல்லாரும் நரியைப் பார்த்தார்கள். அதற்குச் சொல்ல ஆயிரம் காரணம் இருந்தது. கால் வலி, இடுப்புப் பிடிப்பு, நாளைக்கு வேறு வேலை. ஆனால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பால்கட்டியில் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தன. வாயைத் திறக்கவே முடியவில்லை.

நரி மெல்லத் தலையாட்டியது.

மறுநாள் அது தோண்டியது. வாசல் நல்ல அகலமாகவே அமைந்தது.

நீதி: கொடுத்தவரின் அன்பை மறவாதவரிடம், குறை சொல்லிப் பறிப்பவரின் தந்திரம் பலிக்காது.